தாளின் அடியில் ஒரு விரற்கடை

பிரிண்டர் என்றாலே எல்லோருக்கும் எரிச்சல்தான் வருகிறது மேடம். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர்கூடச் சற்று முன்பு அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். பாவம், அது என்ன செய்யும். உருளையைத் துடைத்தால் சரியாகிவிடும். வேண்டுமானால் நானே... சரி, உட்கார்ந்துகொள்கிறேன். ஒரே இடத்தில் உட்காருவது எனக்குக் கொஞ்சம் சிரமம், வேறொன்றுமில்லை.

என் பெயர் பிரேம். சொந்த ஊர் இதே மலையில் தேவனூர் நாடு. பெங்களூரில் மென்பொருள் வேலை பார்த்தேன். கூட இருந்தவர்கள் ஜன்னல், பொத்தான், வண்ணம் என்று திரையில் மினுக்குகிற வேலைக்கே அடித்துக்கொள்வார்கள். திரையில் இருப்பதைத் தாளில் கொண்டுவருகிற வேலையை ஒருவரும் சீந்த மாட்டார்கள். அது என் தலையில் விழுந்தது, எனக்குப் பிடித்தும் போனது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றானதும் மலைக்கு வந்துவிட்டேன். இங்கே அறக்கட்டளை நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரிக்கு, நோயாளிச் சீட்டு அடிக்கிற மென்பொருளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். சும்மாதான் கொடுத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குப் புரிய வேண்டும். திரையில் எழுத்தை வரைகிற அதே கட்டளையைத்தான் தாளுக்கும் அனுப்புவோம். ஆனால் திரையில் இடம் போதாவிட்டால் கீழே இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். தாளை இழுக்க முடியுமா? போதாததற்கு, தாளைப் பிடித்துக்கொள்ள பிரிண்டருக்குத் தாளின் அடியோரத்தில் ஒரு விரற்கடை இடம் வேண்டும். அங்கே எதை எழுதினாலும் தாளில் விழாது. இதை மறந்துவிட்டுத்தான் முதல்முறை எழுதினேன். அது உண்மையிலேயே தெரியாமல் செய்த தவறு. சீட்டின் கடைசி வரி வரவில்லை. இன்னாருக்கு இன்ன மருந்து சேராது என்று சொல்கிற வரி.

ரோஸ்லின் போன் செய்தார். அங்கே நர்ஸ். நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

"தம்பி, கடைசி வரி வர மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாக்கியளா?"

தம்பி என்பது மரியாதைக்குச் சொல்வது. பைக்கில் போனேன். இரண்டு நிமிட வேலை, ஆனால் பொழுது சாய்கிறவரை அங்கேயே இருந்தேன். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். "தம்பி இல்லாட்டி இந்த ஆஸ்பத்திரியே ஓடாது" என்றார். என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை மேடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தேன்.

அதன்பின் சீட்டு ஒழுங்காக வந்தது. ஒழுங்காக வந்தால் யார் கூப்பிடப்போகிறார்கள்? எங்கள் வீட்டில் நெட்டுக்குக் கேபிள் உண்டு, போன் சிக்னல் மட்டும் பலா மரத்தடியில்தான் கிடைக்கும். வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கும் மரத்துக்குமாக நடந்தேன். "ஏன் கண்ணு, முட்டை போட எடந்தேடற கோழியாட்டம் சுத்தற? ஊட்டுக்குள்ளார வந்து ஒக்காரு" என்று அம்மா கேலி செய்தார். உட்கார முடியவில்லை. வீட்டிலிருந்தபடியே பழைய தவறை மென்பொருளில் திரும்ப வைத்தேன். மறுநாளே போன் வந்தது. போய்ச் சரிசெய்தேன். இப்படிச் சில தடவை. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வரி வரவில்லை என்பது அவருக்குத்தான் தெரியுமே.

பிறகு அவர் அந்த வரியைத் திரையில் பார்த்து, பேனாவால் எழுத ஆரம்பித்தார். "இதுக்குப் போயி ஒங்கள எதுக்கு அலைக்கழிக்கணும் தம்பி" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஆகவே நானே போனேன். ஒரேயடியாகச் சரிசெய்துவிட்டேன் என்றேன். சீட்டின் அடியில் அழகாக ஒரு கோடு வருகிற மாதிரி மாற்றியிருந்தேன். "அந்தக் கோடு வந்துட்டா சீட்டு முழுசா வந்துருச்சுன்னு அர்த்தமுங்க. சேராத மருந்து இருந்தா கோட்டுக்கு மேல வந்துரும். வரலீன்னா அவுங்களுக்கு எல்லாமே சேரும். இனி ஸ்கிரீனப் பாக்கவே வேண்டியதில்லீங்க" என்று சொன்னேன். ரோஸ்லினுக்கு அவ்வளவு சந்தோஷம். பேனாவை மூடி மேசைக்குள் போட்டார்.

கோடு எல்லாச் சீட்டிலும் வந்தது. அந்த வரி எந்தச் சீட்டிலும் வராது. அப்படித்தான் எழுதியிருந்தேன். என்றைக்காவது அவர் திரையைப் பார்ப்பார், திக்கென்றிருக்கும், என்னைக் கூப்பிடுவார். பெரிய விஷயமாக இருந்தால்தானே பேனாவால் சமாளிக்க முடியாது. அவ்வளவுதான் என் கணக்கு.

எங்கள் ஊர்க்காரர் செல்லமுத்து மிளகு பறிக்கும்போது, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து தொடை கிழிந்து வந்தார். டாக்டர் மலைக்குக் கீழே ஊரில் இருந்தார். ரோஸ்லின் சீட்டைப் பார்த்துப் போனில், "சேராதது ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று சொன்னார். டாக்டர் பென்சிலின் என்றார். முறைப்படி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத் துளியளவுதான் முதலில் போட்டார்கள். அந்தத் துளியே அவருக்கு அதிகம்.

ரோஸ்லின் அப்போது முதலில் கூப்பிட்டது என்னைத்தான். டாக்டரைக்கூட அப்புறம்தான். "தம்பி, ஸ்கிரீன்ல இருக்கு, தாள்ல இல்ல தம்பி" என்றார். வருகிறேன் என்றேன். கிளம்பும் முன்பே வீட்டிலிருந்தபடி நிரலைச் சரிசெய்தேன். அதற்காகத்தானே கூப்பிட்டார்.

நான் போனபோது ஊரே கூடியிருந்தது. செல்லமுத்துவின் மனைவி சென்னம்மாள், "இந்த ஊசி இவருக்கு ஆவாதுன்னு போன தடவையே கம்ப்யூட்டருல ஏத்துனீங்களே சாமி. தெரிஞ்சும் ஏனுங்க போட்டீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ரோஸ்லின் என் பக்கம் கை காட்டி, "தம்பிகிட்ட கேளுங்க" என்றார். நான் எல்லோர் முன்னாலும் பிரிண்ட் கொடுத்தேன். கோடு வந்தது. கோட்டுக்கு மேல் பென்சிலின் வரியும் வந்தது. கூட்டம் முழுக்க ரோஸ்லினைத் திரும்பிப் பார்த்தது. முதல் சீட்டு ரத்தத்தில் நனைந்து கிழிந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

அன்று நீங்கள் ரோஸ்லினை ஜீப்பில் ஏற்றினீர்கள். அதிலிருந்து போன் இல்லை. பலா மரத்தடியில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. அப்புறம்தான் யோசித்தேன், அவர் கையில்தான் போன் இல்லையே, எப்படிக் கூப்பிடுவார்? அதனால்தான் நானே வந்தேன். கோடு மட்டும் வருகிற பழைய நிரல் அப்படியே இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. செல்லமுத்துவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இன்றைக்கே ரோஸ்லினை விட்டுவிடுங்கள். யார் வந்து காப்பாற்றினார்கள் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று மேடம். என் போனை உங்கள் கான்ஸ்டபிள் வாங்கி வைத்திருக்கிறார். அதைக் கொஞ்சம் சார்ஜில் போடச் சொல்லுங்கள். ரோஸ்லின் வெளியே வந்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்.