இருநூற்றைம்பது கிராமுக்குள்

"மாவு நிறுக்கிற தராசுல என்ன பண்றீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"ட்ரோனை நிறுக்கிறேன்."

"அடுத்து என்னைத் தூக்கி வைக்காம இருந்தா சரி."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி சிரித்தான். "உன்னை வச்சா மாமா தராசுக்கும் லைசென்ஸ் வாங்கணும்க்கா."

எங்கள் வீட்டில் அப்படித்தான் சார், எதற்கெடுத்தாலும் கேலி.

நான் சட்டத்தை மதிக்கிறவன். குளியலறை ஓடு விற்கும் கடையில் மேலாளர். ஒரு ரசீதுகூடத் தவறாகப் போட்டதில்லை. கேமரா வைத்த ட்ரோன் இருநூற்றைம்பது கிராமைத் தாண்டினால் பதிவு, பயிற்சி, அனுமதி என்று விதி. என்னுடையது கொஞ்சம் தாண்டியது. விண்ணப்பித்தேன். படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பினார்கள். காது தெரிகிற படம் அனுப்பினேன். கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். சொந்த மாடியில், சொந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு பொம்மையைப் பறக்கவிட எத்தனை பேர் காலில் விழுவது?

விசிறிகளைச் சுற்றி பிளாஸ்டிக் வளையங்கள் இருந்தன. யார் மேலாவது பட்டால் வெட்டாமல் காப்பவை. அவற்றைக் கழற்றினேன். எடை வரம்புக்குள் வந்துவிட்டது. இனி எந்த அனுமதியும் வேண்டாம். சட்டமே கழற்றச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது.

மாடியில் மச்சினன் கொஞ்ச நேரம் பறக்கவிட்டான். பிறகு நான் வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சிறுமி ஓடி வந்து, "என்னையும் எடுங்க அங்கிள்" என்றாள். முகம் பெரிதாக விழட்டும் என்று கிட்டே கொண்டுபோனேன். காற்று அடித்தது. விசிறி அவள் முகத்தில் பட்டது.

அவளைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. "இதைப் பிடி" என்று ரிமோட்டை மச்சினனிடம் கொடுத்தேன். அலறல் கேட்டு வந்தவர்கள் பார்த்தது அவன் கையில் ரிமோட்டை. என் கையில் குழந்தையை. நான் வாய் திறக்கவே இல்லை. நீங்கள் விசாரித்தபோதுதான், வளையங்களைக் கழற்றியதும் அவன்தான் என்று சொன்னேன். ஒரு உண்மையை விட்டுவிட்ட பிறகு இன்னொன்றை எப்படிப் பிடித்து வைப்பது?

குழந்தைக்கு வலது கண் போய்விட்டது. "நீங்க தூக்கிட்டு ஓடலைன்னா இன்னொண்ணும் போயிருக்கும்" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு.

என் மனைவி இப்போது மாசமாக இருக்கிறாள். நீங்கள் கைதுசெய்த தம்பியைப் பார்க்க அவள் ஒரு தடவைகூடப் போகவில்லை. "பச்சப் பிள்ளை கண்ணைக் குத்தினவன் என் தம்பியே இல்ல" என்கிறாள். அதைச் சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கிறாள். நானும் சாப்பிடுகிறேன்.

நேற்று சிறையில் அவனைப் பார்த்தேன். இளைத்திருந்தான். திட்டுவான் என்று நினைத்துத்தான் போனேன்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேன் மாமா. அக்கா இந்த நிலைமையில தனியா இருக்கக் கூடாது. அவளை மட்டும் ஒரு தடவை வரச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று வந்தேன். சொல்லவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிந்ததும் இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். உள்ளே நுழைந்ததிலிருந்து ஒன்றைக் கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"ரிமோட் என் கையிலதான் இருந்துச்சு சார். அவனை வீட்டுக்கு அனுப்பிடுங்க. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் என் மனைவிக்குத் தெரிய வேண்டாம்."