தேய்த்த வெள்ளி

“உனக்கு எப்பப் பாரு கையில ஒரு துணி இருக்கணுமாடி?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள். உண்மைதான். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

அப்பாவின் அலமாரியில் பன்னிரண்டு வெள்ளி நாணயங்கள் இருந்தன. சீனர்கள் வருடத்துக்கொரு மிருகம் சொல்வார்களே, எலியில் தொடங்கிப் பன்றி வரை, அவை பொறித்தவை. ஒவ்வொன்றும் வட்டமான பிளாஸ்டிக் டப்பிக்குள். அக்கா பிறந்தது பாம்பு வருடம், நான் ஆடு. “பாம்பும் ஆடும் ஒரே ரூம்ல. வீடா இது, மிருகக்காட்சி சாலை” என்பார் அப்பா.

அக்காவுக்குக் கண் மங்கத் தொடங்கியதும் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. அவளுக்குத் தலை வாரிவிட்டேன், படியிறங்கும்போது கையைப் பிடித்தேன், எதைக் கொடுத்தாலும் வாசித்துக் காட்டினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். என் குரலுக்கும் ஒருத்தி காத்திருந்தாள்.

இந்த வருடத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பார்வை திரும்பும், தள்ளிப்போட்டால் பயனில்லை என்றார் டாக்டர். அந்தச் செலவுக்காக அப்பா நாணயங்களை விற்க முடிவு செய்தார்.

“கண்ணு தெரிஞ்சதும் முதல்ல உன் மூஞ்சியத்தான் பார்ப்பேன். அப்புறம் நான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். உனக்கும் விடுதலைடி” என்றாள் அக்கா.

எதிலிருந்து விடுதலை என்று எனக்குப் புரியவில்லை.

வாங்குபவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் டப்பிகளைத் திறந்தேன். வெள்ளியின் ஓரங்களில் நீலமும் பழுப்புமாகக் கறை படர்ந்திருந்தது. சமையல் சோடாவைக் குழைத்து எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்தேன். பாம்பை மட்டும் அதன் செதில்கள் மழுங்கும்வரை தேய்த்தேன்.

வந்தவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். “யாருங்க இதைத் தேய்ச்சது? இனி வெறும் வெள்ளிதான், எடைக்குத்தான் போகும்.”

அப்பா அடிக்கவில்லை. “பாவம், படிப்ப விட்ட பிள்ள, அவளுக்கு என்ன தெரியும்” என்றார். நான் தலை குனிந்து நின்றேன். அறுவை சிகிச்சை நடக்காமலே அந்த வருடம் முடிந்துபோனது.

தெரியும். நாணயம் சேர்ப்பவர்களுக்கான புத்தகம் ஒன்று அப்பாவிடம் இருந்தது. கறையைத் தொடக்கூடாது, தேய்த்தால் மதிப்பு போய்விடும் என்ற பக்கத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான்.

நேற்று அவள் சமையலறைக்கு வந்தாள். “அந்தப் பக்கத்த எனக்கு வாசிச்சது நீதானே?”

“எந்தப் பக்கம்க்கா? வா, தலை வாரிவிடறேன்.”

என்னைப்போல யார் அவளைப் பார்த்துக்கொள்வார்கள்? எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். கையை நீட்டினேன். அதைத் தட்டிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு அவள் வெளியே போனாள்.