மாடிக்காரி போகமாட்டாளாம்

— கத்திரின்னு பட்டப்பேரு வாங்கினா மட்டும் போதுமாடா? வெட்ட வேண்டியத வெட்டணும். ஊரே போன்ல கேக்குற பேய்க்கதை, அதோட கடைசி அத்தியாயத்துல போயா கோட்டை விடுவ?

— அக்கா, முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— தண்ணிய என் தலையில ஊத்து. காலையில பஸ்ல வரும்போது கேட்டேன், உசிரே போச்சு. நீயே சொல்லு, நான் சரியாத்தான் கேட்டேனான்னு பாக்குறேன்.

— லிஃப்ட் ரிப்பேர்காரர் மாடிக்காரிப் பேய்க்கு மந்திரக் கட்டு போட்டு முடிக்கிறாரு. கதவு திறக்குது. நீங்க வாசிக்கிறீங்க: 'மாடிக்காரி போய்விட்டாள். இனி வரவே மாட்டாள்.'

— அப்புறம்?

— அப்புறம் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்ல.

— அப்புறம்டா?

— அப்புறம் நீங்க மெதுவா, 'ம்ஹூம். இது சரியில்ல. மறுபடி முதல்லேர்ந்து'ன்னு சொல்றீங்க.

— சொல்லுவேன்தான்! வாய் தடுமாறினா அப்படிச் சொல்லிட்டுத்தான் திரும்ப வாசிப்பேன். ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்றேன், எப்ப எங்க சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இருக்காது. அதையெல்லாம் வெட்டி எறியத்தான உன்ன அந்த கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சிருக்கு? இது மட்டும் எப்படி விட்டுப்போச்சு?

— விட்டுப்போச்சுன்னு வச்சுக்கோங்களேன்.

— வச்சுக்கணுமா! மேனேஜர் வந்துகிட்டே இருக்காரு. 'நேர்ல பேசணும்'னாரு. இந்த ஆளு எதையும் நேர்ல பேசினதே கிடையாது. சம்பளம் ஏத்த முடியாதுன்னு சொன்னதுகூட போன்லதான். இன்னைக்கு என் சீட்டு கிழிஞ்சுது.

— அப்படியெல்லாம் ஆகாதுக்கா.

— உனக்கென்ன தெரியும்? அடுத்த தொடர அந்த சினிமா நடிகருக்குக் குடுக்கப் போறாங்களாம். என் குரல்ல 'வீட்டு வாசனை' அடிக்குதாம். பேய்க்குக் கொஞ்சம் கம்பீரம் வேணுமாம். 'ஏழாம் மாடி' கதைய நாப்பது அத்தியாயம் வாசிச்சது யாரு, அவரா? ஆறு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் ஏழுல நிக்கும்போதெல்லாம் ஜனங்களக் குலை நடுங்க வச்சது யாரு?

— நீங்கதான்.

— இங்க வர்றதுக்கு முன்னாடி நான் என்ன வேலை பாத்தேன் தெரியுமா? பேங்குக்கு போன் பண்ணா, 'தயவுசெய்து காத்திருக்கவும், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது'ன்னு ஒருத்தி சொல்வாளே, அது நான்தான். பத்து வருஷம் என் குரலக் கேட்டவன்ல திட்டாதவன் ஒருத்தன் கிடையாது. என் வீட்டுக்காரரே ஒரு நாள் நான்னு தெரியாம திட்டினாரு. தெரிஞ்சதும் இன்னொரு தடவ திட்டினாரு.

— அக்கா...

— சிரிக்காத. ஏழாம் மாடி வந்தப்புறம்தான்டா என் குரல வேணும்னு நாலு பேர் கேட்டாங்க. அது எனக்குப் பெரிசு. போனாப் போகட்டும்னு என்னால சொல்ல முடியல.

— அப்ப இதையும் கேளுங்க. கேக்குறவங்க எழுதியிருக்காங்க, காலையிலேர்ந்து போன் கையில நிக்கல.

— வேணாம். வாங்குறத ஒரே தடவையா மேனேஜர்கிட்ட வாங்கிக்கிறேன்.

— ஒண்ணே ஒண்ணு. லாரி ஓட்டுற அண்ணன் ஒருத்தர்: 'கதை முடிஞ்சுதுன்னு வண்டியக் கிளப்பினேன். அந்தக் குரல் வந்துச்சு. வண்டிய ஓரங்கட்டிட்டு டீக்கடையில போய் மனுஷங்களோட மனுஷனா உக்காந்துட்டேன். பொழுது நல்லா விடிஞ்சப்புறம்தான் எடுத்தேன்.'

— என்னடா சொல்ற? வாய் தடுமாறினதுக்கா பயந்தாரு?

— இந்த அம்மாவக் கேளுங்க: 'எங்க வீடு அஞ்சாவது மாடி. பையையும் பிள்ளையையும் தூக்கிக்கிட்டு படியேறினேன். என்னக் கிண்டல் பண்ண என் வீட்டுக்காரர் லிஃப்ட் வாசல் வரைக்கும் போயிட்டு, கால் வலிக்குது, நடந்தா நல்லதுன்னு என் பின்னாடியே வந்துட்டார்.'

— கால் வலிக்குதுன்னா நடந்தாரு? நல்ல ஆளு.

— இது ஒரு காலேஜ் பொண்ணு. இதத்தான் எல்லாரும் மாத்தி மாத்தி அனுப்பிக்கிட்டிருக்காங்க. 'உங்களுக்கு இன்னுமா புரியல? மாடிக்காரி எங்கயும் போகல. இத்தன நாள் நமக்குக் கதை சொன்னதே மாடிக்காரிதான்! தன்ன விரட்டுற முடிவு அவளுக்குப் பிடிக்கல. அதான் இது சரியில்லன்னுட்டா. மறுபடி முதல்லேர்ந்து கேளுங்கன்னு நம்மகிட்டதான் சொல்றா.'

— ஐயோ கடவுளே. எனக்கே புல்லரிக்குது. பாரு, கையப் பாரு.

— கேட்டவங்க எல்லாரும் முதல் அத்தியாயத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சுட்டாங்கக்கா. நீங்க எங்க மூச்சு வாங்கினீங்க, எங்க சிரிச்சீங்கன்னு ஒவ்வொண்ணா தோண்டறாங்க. பதினோராம் அத்தியாயத்துல நீங்க தும்மினதுக்கே பெரிய விளக்கம் எழுதியிருக்காங்க.

— அதையும் விட்டியா நீ? சரி சரி, வாய மூடு, வர்றாரு. வாங்க சார். சார், நடந்தது நடந்துபோச்சு, அவன் சின்னவன், திட்டுறதுன்னா என்னத் திட்டுங்க.

— திட்டுறதா? யார யாரும்மா திட்டுறது? சுருக்கமா சொல்றேன். முதலாளி கூப்பிட்டாரு. என்னய்யா முடிவு இது, பத்து வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததில்லைன்னாரு. நானும் தன்னடக்கமா, ஆமா சார், நாங்க மூணு பேரும் ராப்பகலா யோசிச்சதுன்னு சொல்லிவச்சேன்.

— மூணு பேரா? நீங்களுமா யோசிச்சீங்க சார்?

— நிர்வாகம்னா எல்லாத்துலயும் கை இருக்கும்மா. சுருக்கமா சொல்றேன், ஏழாம் மாடி முடியல. அடுத்த பாகம் உடனே வேணுமாம்.

— வாசிக்கப் போறது அந்த நடிகர்தானே?

— அவர் எப்படிம்மா வாசிப்பாரு? கதை சொல்றதே பேய்தான்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. இப்ப ஆள மாத்தினா ஆபீஸக் கொளுத்திடுவாங்க. குரல்தான் மாடிக்காரி, மாடிக்காரிதான் குரல்.

— அந்த வீட்டு வாசனை?

— அதுதாம்மா பயமே! நம்ம வீட்டு ஆள் மாதிரி பக்கத்துல உக்காந்து பேசுற பேய். நான் அப்பவே சொல்லல?

— சொன்னீங்க சார், வேற மாதிரி சொன்னீங்க. சரி, நானும் சுருக்கமா சொல்றேன். கதையோட அட்டைப் படத்துல இதுவரைக்கும் 'குரல்: குழு'ன்னு போட்டீங்க. குழுன்னு யாரும் எனக்குப் பேர் வைக்கல. என் பேரப் போடணும். கதை எழுதுறவருக்குப் பக்கத்துல, அதே அளவு எழுத்துல.

— அது வந்து... மேலிடத்துல ஒரு வார்த்தை...

— நீங்க கேட்டுட்டு வாங்க. நான் பேங்குல போய்க் காத்திருக்கச் சொல்றேன்.

— போடுறேம்மா, போடுறேன்! தம்பி பேரும் போடணுமா?

— ஒலிச்சேர்ப்புன்னு போட்டு அவன் பேரு. கத்திரின்னு போட்றாதீங்க, அது நாங்க கூப்பிடுறது. அப்புறம், அந்த நடிகர் சும்மாதான இருக்காரு? லிஃப்ட் ரிப்பேர்காரரா வந்து நல்லா ரெண்டு தடவ அலறிட்டுப் போகச் சொல்லுங்க. கம்பீரமா அலறட்டும்.

— கேட்டுப் பாக்குறேன். சந்தோஷமா இருங்க, நான் மேல போய்ச் சொல்லிட்டு வர்றேன். படியிலயே போறேன்.

— லிஃப்ட் இருக்கே சார்?

— இருக்கட்டும், இருக்கட்டும்.

— போயிட்டாரா? கதவச் சாத்துடா, நான் கொஞ்சம் கத்திக்கிறேன். ஜெயிச்சுட்டோம்டா! என் குரலுக்கு ஆள் காத்திருக்குடா, திட்டாம காத்திருக்கு!

— கத்துங்கக்கா. இந்த ரூமுக்குள்ள கத்தினா வெளிய கேக்காது.

— வாயத் திறந்ததும் உன்ன அந்தத் திட்டு திட்டினேன். மனசுல வச்சுக்காத. என் நாக்கு புரண்டதும் உன் கண்ணு அசந்ததும் ஒரே எடத்துல நடந்துச்சே, அதுக்குப் பேருதான் அதிர்ஷ்டம்.

— அக்கா, கடைசி அத்தியாயத்துல நீங்க ஒரு எடத்துலகூட தடுமாறல. அந்த வார்த்தைய மூணாம் அத்தியாயத்துல வெட்டிப் போட்ட குப்பையிலேர்ந்து தேடி எடுத்து, கடைசியில நான்தான் ஒட்டினேன்.