மாகறல் ரோட்டுப் பிரிண்டர்

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். மாகறல் நெசவாளி வேலாயுதம் கண்ணை மூடும்போது பட்டு முதலாளிக்கு நின்ற பாக்கி அது.

லாரி வர இன்னும் நேரம் இருக்கிறது. மழை விடுகிற மாதிரி இல்லை. கரண்டும் போய்விட்டது. காலை மூட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிட்டே நகர்ந்து உட்காருங்கள்... அந்தப் பாக்கி எப்படித் தீர்ந்தது என்று சொல்கிறேன். எங்கேயோ எவருக்கோ நடந்ததில்லை. இதோ, இருட்டில் பீடி பிடிக்கிறானே கமல், இவன் தங்கை சுகாசினிக்கு நடந்தது.

"பேய் எங்க குந்திக்கினு இருந்துச்சு? புளிய மரத்துலயா?" என்றான் அருள்.

"பிரிண்டர்ல" என்றான் கமல்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்கடா. அப்பறம் ஒண்ணுக்குப் போவத் தொணைக்கு என்னை எழுப்பக் கூடாது" என்றான் கமல்.

சித்திரை மாதம். உச்சிப் பொழுது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னான்? மாகறல் ரோட்டில் பன்னிரண்டு மணி வெயிலில் தனியாக நின்று பாருங்கள். முன்னே ஒரு வண்டி கிடையாது, பின்னே ஒரு வண்டி கிடையாது. காக்கை கத்தாது. காலடியில் நிழல்கூட இருக்காது. தார் இளகி டயரில் ஒட்டியது... சர்ர்... சர்ர்... அந்தச் சத்தம் ஒன்றுதான் சுகாசினிக்குத் துணை. ஸ்கூட்டியில் ஒரு பை. பைக்குள் திருப்புளி, கேபிள், பழைய லேப்டாப். செவிலிமேட்டிலிருந்து இந்தப் பக்கம் வரைக்கும் எந்த ஆபீஸில் பிரிண்டர் படுத்துக்கொண்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

முதலாளியின் ஆபீஸ் ஊருக்கு வெளியே ரோட்டோரம் தனியாக நிற்கிறது. தகரக் கூரை. முன்னால் மேசையும் கம்ப்யூட்டரும், பின்னால் நூல் வைக்கிற அறை. வாசலில் ஒரு காலி டெம்போ நின்றது. கணக்கு எழுதுகிற முத்துக்குமார் சட்டையெல்லாம் நனைந்து நின்றான்.

"வாம்மா. காத்தாலேருந்து ஆஃப்லைன், ஆஃப்லைன்னே காட்டுது. நெட்டுல சேரவே மாட்டேங்குது. ஒரே ஒரு பேப்பர் அடிக்கணும். முதலாளி போன் மேல போன் போட்டு உயிரை எடுக்கறாரு."

"டவுன்ல குடுத்து அடிச்சிருக்கலாமேண்ணா?"

"வெளிய யாருக்கும் தெரியக் கூடாதாம். வேலாயுதம் அண்ணன் தறிய எழுதி வாங்கற பேப்பரு."

"அவரு தறிய ஏன் எழுதிக் குடுக்கறாரு?"

"உனக்குத் தெரியாதா? பங்குனில தவறிட்டாரும்மா. பாக்கி அப்டியே நிக்குது. அந்தம்மா கையெழுத்து போட்டதும் தறியக் கழட்டி டெம்போல ஏத்திக்கினு வந்துரணும்."

சுகாசினி கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தாள்.

அவள் பிறந்தது மாகறல் காலனியில்; செவிலிமேட்டுக்குக் குடிபோய் வருஷங்கள் ஆகிவிட்டன. பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு பெரிய லீவு முழுக்க வேலாயுதத்தின் தறியில்தான் கூலிக்கு உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி வடிவாம்பாள் அப்போது பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகச் சேலை நெய்வதற்கு ஒரு ஆள் போதாது. வலப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து, கரை நூல் வைத்த நாடாக்கட்டையைத் தள்ளிவிட வேண்டும். வேலாயுதம் வாய் திறந்து கூப்பிட மாட்டார். தறிக்கட்டையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். டொக் டொக். அவள் நாடாவைத் தள்ளுவாள். அவர் உடல் நூலோடு அதைக் கோத்துத் திருப்பி அனுப்புவார். "தள்ளுன நாடா திரும்பி வருதா பாப்பா? அப்ப நான் தூங்கலன்னு அர்த்தம்" என்று சிரிப்பார்.

இப்போது பிரிண்டரைச் சரிசெய்தால் அந்தத் தறி போய்விடும். வடிவாம்பாளுக்கு அதை விட்டால் ஒரு பிழைப்பும் இல்லை. சரிசெய்யாமல் திரும்பினால், சுகாசினிக்கு வேலை தெரியவில்லை என்று ஊரெல்லாம் பேசுவார்கள். அடுத்த வேலைக்கு எவரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும். அவள் என்ன செய்வாள்? பையைத் திறந்தாள்.

பிரிண்டரில் கேபிள் சொருகுகிற இடம் எப்போதோ உடைந்திருந்தது; நெட்டில்தான் சேர்த்தாக வேண்டும். முதலில் ரௌட்டரை அணைத்து மறுபடி போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரில் நெட் ஓடியது. அவள் போனிலும் ஓடியது. பிரிண்டர் மட்டும் சேரவில்லை. அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அப்படிப் பிடித்தால், தான் எந்த நெட்டில் இருக்கிறோம் என்று பிரிண்டரே ஒரு தாளில் அடித்துக் காட்டும். தாள் வந்தது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

பிரிண்டர் சும்மா இல்லை. வேறு ஒரு நெட்டில் சேர்ந்திருந்தது. சிக்னல் முழுசாக இருந்தது. நெட்டின் பெயர் இருந்த இடத்தில் இங்கிலீஷ் எழுத்தில் வேலாயுதம் என்று இருந்தது.

"அண்ணா... இது என்ன பேரு?"

முத்துக்குமார் எட்டிப் பார்த்தான். ஒரு அடி பின்னால் போனான்.

"அது... அது அவரு போனு. போன தீவாளிக்கு நம்ம நெட்டு புட்டுக்கிச்சு. அவசரத்துக்கு அவரு போன்லேருந்துதான் நெட்டு வாங்கி அடிச்சோம். மிஷின் அத ஞாபகம் வெச்சிருக்குது போல."

"அப்ப போன் இங்கதான் எங்கயோ கிடக்குது. அத ஆஃப் பண்ணுங்க, சரியாயிடும்."

"போன் இல்லம்மா." குரல் தாழ்ந்தது. "பாடைல வெச்சி அனுப்பிட்டாங்க. சாவு வீட்டுல அது அடிச்சிக்கினே இருந்துச்சி. முதலாளிதான் பாக்கி கேட்டு அடிச்சிக்கினு இருந்தாரு. அந்தம்மா அழுதுக்கினே எடுத்து அவரு தலமாட்டுல சொருவிட்டாங்க. நானே செய்யாத்தங்கர சுடுகாடு வரிக்கும் கூடப் போனேன். எரியறதப் பாத்தேன்."

தகரக் கூரை வெயிலில் படக்கென்று நெளிந்து சத்தம் போட்டது. இரண்டு பேரும் துள்ளினார்கள்.

சுகாசினி பிரிண்டரின் நினைவில் இருந்த அந்தப் பெயரை அழித்தாள். ஆபீஸ் நெட்டின் பெயரைக் கொடுத்தாள். விளக்கு கண் சிமிட்டியது... சிமிட்டியது... நின்றது. மறுபடி பொத்தானை அழுத்தினாள். தாள் வந்தது.

அதே பெயர்.

அப்போதுதான் நாற்றம் அடித்தது. முடி பொசுங்குகிற நாற்றம். காஞ்சிபுரத்துக்காரனுக்குச் சொல்லவே வேண்டாம், பட்டு அசலா என்று பார்க்க ஒரு இழையைக் கொளுத்தினால் அந்த நாற்றம்தான் வரும். முத்துக்குமார் ஓடிப்போய் நூல் அறையைப் பார்த்தான். தீயும் இல்லை, புகையும் இல்லை. கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டான்.

"இங்கதான் வெச்சிருக்குது. அவரு கடைசியா நெய்ஞ்சது."

"என்னது?"

"பாதிச் சேலம்மா. தறில இருக்கற சேலய முடிச்சிட்டுத்தான் அறுக்கணும். செத்த வீடா இருந்தாலும் வேற ஆளு உக்காந்து முடிச்சிக் குடுப்பாங்க. முதலாளி கேக்கல. காரியம்கூட முடியல, பாவு நூலோட அறுத்து எடுத்தாந்துட்டாரு. பாதிக்குக் கூலி கெடையாதுன்னு கணக்குலயும் வெக்கல."

டொக் டொக்.

சத்தம் பிரிண்டருக்குள்ளிருந்து வந்தது.

மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் இரைச்சல் காதில் விழவில்லை.

டொக் டொக்.

"பல்லுசக்கரம் எதனா ஒடஞ்சிருக்குமா?" என்றான் முத்துக்குமார்.

சுகாசினி குனிந்து பார்த்தாள். அவள் வலது கை தானாக எழுந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். நாடா தள்ளுவது போல உள்ளங்கையைச் சாய்த்து, பிரிண்டரின் வாயில் தள்ளினாள். தாள் உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை... பிறகு மெதுவாக வெளியே வந்தது. உடம்புச் சூடு இருந்தது தாளில். ஒரு எழுத்துகூட இல்லை. இரண்டு ஓரத்திலும் விரல் அகலத்துக்கு அரக்குக் கரை ஓடியது.

"இதுல கறுப்பு மை மட்டும்தான்மா இருக்குது..."

டொக் டொக்.

வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி செருப்போடு உள்ளே வந்தார்.

"ஒரு பேப்பர் அடிக்க ஒரு நாளா? ஏம்மா, உனக்கு வேல தெரியுமா தெரியாதா? முத்துக்குமாரு, என்னய்யா பேய் அறைஞ்சா மாதிரி நிக்கற?"

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். திரையில் வந்த பெயரைச் சுகாசினியும் பார்த்தாள். முதலாளி எப்போதோ பதிந்து வைத்தது. 'வேலாயுதம் பாக்கி.'

அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. மறுபடியும். சாவு வீட்டில் அடித்த மாதிரியே, விடாமல்.

"எடுங்க சார்" என்றாள் சுகாசினி. தனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. "நீங்க அடிச்சப்ப அவரால எடுக்க முடியல. நீங்களாவது எடுங்க."

முதலாளி காதில் வைத்தார். ஆள் குரல் கேட்கவில்லை. பச்சை விறகு வெடிக்கிற சத்தம்... பட்... படபட... அது போனை மீறி அறைக்கே கேட்டது. அதற்கு நடுவில், டொக் டொக். பிரிண்டரிலும் அதே நேரம், டொக் டொக்.

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"தள்ளிடுய்யா" என்றார். "பாக்கிய முழுசா தள்ளிடு. அந்தப் பாதிச் சேலைக்கும் கூலி போடு."

முத்துக்குமார் கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்தான். முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பதை அழித்தான். போன் ஓய்ந்தது. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. யாரும் தொடாமலே ஆபீஸ் நெட்டில் சேர்ந்துகொண்டது. பாக்கி இல்லை என்று ஒரு தாள் அடித்தார்கள். சாதாரணத் தாள், கறுப்பு எழுத்து. முதலாளி கையெழுத்துப் போட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆண்கள் யாரும் முன்வரவில்லை. டெம்போ காலியாகவே திரும்பிப் போனது.

"இதோட முடிஞ்சுதா?" என்று அருள் கேட்டான். இப்போது அவன் கமலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

இல்லை. சுகாசினிதான் தாளை எடுத்துக்கொண்டு போனாள். வடிவாம்பாள் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. வெயிலிலிருந்து நுழைந்ததால் முதலில் கண் தெரியவில்லை. முடி பொசுங்குகிற நாற்றம் மட்டும் வந்தது. பிறகு தறி தெரிந்தது. அதில் பாவு இல்லை, ஒரு இழை இல்லை. வெறும் மரம். நெய்கிறவர் உட்காரும் இடத்தில் மடித்து வைத்த துண்டு. வலப்பக்கம், கரைக்கு நாடா தள்ளுகிற இடத்தில், வடிவாம்பாள் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா... பாக்கி தீந்துச்சுக்கா. பேப்பர் எடுத்தாந்துருக்கேன்."

வடிவாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்மா. சொன்னாரு. செத்த உக்காரு, பாதில நிக்குது... முடிச்சிட்டு வந்துர்றேன்."

டொக் டொக்.

அவள் கையிலிருந்த நாடாவை வெறும் தறிக்குள் தள்ளினாள். அது அந்தப் பக்கத்து இருட்டுக்குள் போனது.

திரும்பி வந்தது.