ஐஸ் கம்பெனியில் ஒரு ஹீட்டர்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம். கள்ளக்குறிச்சியிலிருந்து மணலூர்பேட்டைக்குப் போன எங்கள் பஸ், சாலையில் வெட்டிச் சாய்த்திருந்த புளியமரத்தின் முன்னால் நின்றுவிட்டது. என் முன்சீட்டில் மணலூர்பேட்டை ஐஸ் கம்பெனி முதலாளி ஒருவரும் அவருடைய மெக்கானிக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மரத்த இப்போதைக்கு எடுக்காம இருந்தா நல்லதுங்க,” என்றார் மெக்கானிக். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தோம்.

“இன்னாய்யா பேசற? காலைலயே கரண்ட் வந்துடுச்சி. போனதும் மிஷின ஓட்டணும்.”

“நேத்து பூரா கரண்ட் இல்லிங்க. ஐஸ் மிஷின்ல ஓடற கேஸு ஆறி, தண்ணியாட்டம் கம்ப்ரஸருக்குள்ள எறங்கியிருக்கும். அது காத்த அமுக்குற மிஷினு. தண்ணிய அமுக்கச் சொன்னா வால்வு ஒடஞ்சி பூடும். அதான் காலைல கம்ப்ரஸர் அடியில இருக்கற ஹீட்டரப் போட்டுட்டு வந்தேன். சாய்ந்தரத்துக்குள்ள சூடாயி, தண்ணியெல்லாம் கேஸாயிடும்.”

“ஐஸ் கம்பெனிக்கு இன்னாத்துக்குய்யா ஹீட்டரு?”

“அங்க இருந்தா நீங்க இந்நேரம் சுவிட்சப் போட்டிருப்பீங்க. இங்க மாட்டிக்கினு நிக்கறதுதான் மிஷினுக்கு நல்லதுங்க.”

முதலாளியின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. “நேத்து கரண்ட் ஏன் போச்சி?”

“நம்மூர்ல வெட்டின மரம் லைன் மேல சாஞ்சிடுச்சிங்க.”

“எவன்யா வெட்டினான்?”

“மறியலுக்குப் போன நம்ம ஆளுங்கதான். ரம்பம் நீங்க குடுத்தனுப்பினதுங்க.”

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் படியில் ஏறி, “மரத்த அறுக்கணும். பக்கத்துல யாரு வூட்லயாவது ரம்பம் கெடைக்குங்களா?” என்று கேட்டார்.

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவசரம் இல்ல,” என்றார். “மெள்ள எடுக்கட்டும்.”