தலையாட்டக் கத்துக்கிட்ட ரெண்டு நாள்

இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க, அம்பது வயசு ஆகப்போற மனுசனுக்கு எப்படிப் பேசணும்னு யாராவது பாடம் எடுப்பாங்களா? எனக்கு எடுத்தாங்க! ரெண்டு நாள். சோஃபியாவுல, பெரிய ஓட்டல்ல, ஆளுக்கொரு தண்ணி பாட்டில் வச்சு...

கால நல்லா நீட்டிக்குங்க. இந்த ரயில் யாம்போல் போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரமாவது ஆகும். புர்காஸ் வரைக்கும் போறீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு.

என் பேரு ஸ்டோய்மென். ப்ளோவ்திவ்ல, சர்க்கார் ஃபேக்டரிய எல்லாம் தனியாருக்கு விக்கிற ஆபீஸ் இருக்குல்ல, அதுல தகவல் அதிகாரி. பெருசா நினைச்சுக்காதீங்க. நோட்டீஸ் ஒட்டுறவன். முன்னாடி கட்சி நோட்டீஸ் ஒட்டினேன், இப்ப வித்தாச்சுன்னு ஒட்டுறேன். பசை அதே பசைதான்.

பாடம் எடுத்த அம்மா பேரு பமீலா. எங்கேருந்தோ பறந்து வந்தாங்க. முப்பது அதிகாரிங்க நெஞ்சுலயும் பேர் அட்டை குத்தி விட்டாங்க. பக்கத்துல உக்காந்திருந்த த்ஸ்வியாட்கோ இருபது வருசமா என்கூட வேலை பாக்கறவன். என் அட்டைய எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "ஓ, ஸ்டோய்மெனா, சந்திச்சதுல சந்தோசம்"ங்கறான்!

அப்புறம் வார்த்தைங்க. வித்துட்டோம்னு சொல்லக்கூடாதாம், புது உரிமையாளர் வர்றார்னு சொல்லணுமாம். ஆள்குறைப்பு இல்லையாம், மறுசீரமைப்பாம். வேலை போச்சுன்னா... புது வாய்ப்பு! பின்வரிசையில ஒருத்தன் எந்திரிச்சு, "மேடம், ஆள் செத்துட்டா என்னன்னு சொல்லணும்?"னு கேட்டான். நல்ல கேள்வின்னு அந்தம்மா அதையும் பெரிய தாள்ல எழுதிக்கிட்டாங்கண்ணே!

ரெண்டாவது நாள்தான் வில்லங்கம். "ஜனங்க பேசும்போது கண்ணப் பாருங்க, மெதுவா மேலயும் கீழயும் தலையாட்டுங்க, நீங்க கேக்கறீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரும்." அட, பல்கேரியாக்காரன் மேலயும் கீழயும் ஆட்டினா இல்லைன்னு அர்த்தம், பக்கவாட்டுல ஆட்டினாத்தான் ஆமான்னு அந்தம்மாவுக்கு யாரு சொல்றது? யாரும் சொல்லல. முப்பது பேரும் கண்ணாடி முன்னாடி நின்னு ஆட்டிப் பழகினோம். கழுத்து சுளுக்கிக்கிச்சு எனக்கு. சான்றிதழ் குடுத்தாங்க.

திரும்பி வந்த மறு வாரமே எங்க ஊர்ல மிளகாயச் சுட்டுத் தோலுரிச்சு டப்பாவுல அடைக்கிற ஃபேக்டரியில கூட்டம். முந்நூத்தி நாப்பது பேரு, முக்காவாசி பொம்பளைங்க. மிளகாய் சுடுற முற்றத்துல நிக்கிறாங்க, எல்லார் விரலும் செவப்பா இருக்கு. நான் ஒரு பெட்டி மேல ஏறி நின்னு புது உரிமையாளர், மறுசீரமைப்பு, வாய்ப்புன்னு அரை மணி நேரம் ஊத்தினேன். ஒரு மூஞ்சியும் அசையல. அப்ப தோல் உரிக்கிற பிரிவுக்குத் தலைவி பென்கா, வாயாடி, முன்னாடி வந்து இடுப்புல கைய வச்சா. "தம்பி, சுத்தி வளைக்காத. எங்க வேலை போகுமா, போகாதா? போகுமா?"

நான் அவ கண்ணப் பாத்தேன். மெதுவா... மேலயும் கீழயும்.

ஐயோ, அந்தக் கூச்சல்! போகாதாம், போகாதாம்னு. பென்கா என்னை இழுத்து ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தா. வீட்டுல காச்சின ரக்கியா சாராயம் எங்கேருந்து வந்துச்சோ தெரியல. கைகோத்து வளைய வளைய ஆடுறாங்க, நடுவுல நான்! எல்லாம் அந்த பமீலாவால வந்த வினைண்ணே. ஊர் பழக்கம் தெரியாம பாடம் எடுத்தா...

என்ன? என்னண்ணே கேட்டீங்க?

...ஆமா. நான் இங்கயே பொறந்தவன்தான். ஆமா, அந்தத் தலையாட்டுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்தான்.

சரி, கேளுங்க. அந்தம்மாவ நான் சும்மா திட்டுறேன். தலையாட்டிக் கேட்டு முடிச்சதும் வாயத் திறந்து நேரா பதில் சொல்லணும்னும் அவங்க சொன்னாங்க. அமைச்சகம் அனுப்பின கடுதாசி வேற என் கோட்டுப் பையில இருந்துச்சு. இருநூத்திப் பன்னெண்டு பேருக்கு வேலை இல்லை, கூட்டத்துல சத்தமா வாசிக்கவும்னு. பென்கா கேட்டப்ப என் கை பைக்குள்ளதான் இருந்துச்சு. அவ்ளோ பொம்பளைங்க... வாய் வரல. தலை ஆடிருச்சு. அவங்க ஆடிக்கிட்டிருந்தப்பக்கூட நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம். நானும் சேந்து ஆடினேன்.

இதுல கொடுமை என்னன்னா, ஆபீஸ்ல எனக்குப் பாராட்டு! எந்த ஃபேக்டரியிலயும் இவ்ளோ அமைதியா கூட்டம் நடந்ததே இல்லையாம். வெள்ளிக்கிழமை புர்காஸ்ல நாப்பது அதிகாரிங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போறேன். சிரிக்காதீங்க.

என் பொண்டாட்டி டோஷ்காவும் அந்த ஃபேக்டரிதான், லேபிள் ஒட்டுற பிரிவு. அவ கூட்டத்தோட ஆடல. ஓரமா நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தா. சாயங்காலம் அடுப்புல பீன்ஸ் சூப்பக் கிண்டிக்கிட்டே கேட்டா. "பள்ளிக்கூட சமையல்கட்டுல ஒரு இடம் இருக்கு, திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. உண்மையச் சொல்லு ஸ்டோய்மென், நான் அங்க போகணுமா?"

சமையல்கட்டுல யாருண்ணே இருந்தாங்க? நானும் அவளும்தான். போன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்! போன்னு சொன்னா, மத்தியானம் ஆடினதுக்கு என்ன அர்த்தம்னு அடுத்து கேப்பாளே... நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சு, அங்கயும் மேலயும் கீழயும் ஆட்டிட்டேன். அவ போய் ஃபோன எடுத்து, "ரொம்ப நன்றிங்க, வேற ஆளப் பாத்துக்குங்க"ன்னா. நான் ரொட்டியப் பிச்சுத் தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன்.

மூணு வாரம் கழிச்சு ஃபேக்டரி கேட்டுல பட்டியல் ஒட்டினதும் நான்தான். நாப்பத்தேழாவது பேரு அவளோடது.

கத்துவான்னு நினைச்சேன். கத்தல. பெட்டியக் கட்டிக்கிட்டே, "பென்காகிட்ட பயந்துபோய் பொய் சொன்ன, அது புரியுது. என்கிட்ட என்ன பயம்?"னா. இப்ப யாம்போல்ல அக்கா வீட்டுல இருக்கா. இன்னிக்கு எட்டாவது நாள். ஃபோன எடுக்க மாட்டேங்கறா. அதான் நேர்ல போறேன்.

அண்ணே... எங்க எந்திரிச்சுட்டீங்க? இது நோவா சகோரா ஸ்டேஷன்தாண்ணே, புர்காஸ் இன்னும் எவ்ளோ தூரம் இருக்கு... அடுத்த பெட்டிக்கா? சரி, போங்க, காத்தாட உக்காருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அவ கதவத் திறந்ததும் நான் மொதல்ல என்ன சொல்லட்டும்?

அண்ணே?