இடது பைக் குண்டுகள்

— கை நடுங்குது பாரு, ஹாலிஸ். ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி மட்டும் நடுங்கல, இல்ல?

— குளிருங்கண்ணே.

— குளிராம். ஒஹையோ மலைக்காட்டுல நவம்பர் மாசம் பின்ன எப்படி இருக்கும் ராசா? என் தம்பியைச் சுட்ட அன்னிக்கும் இதே குளிருதான். அன்னிக்கு உன் குண்டு ஆடாம அசையாமப் போச்சே.

— அண்ணே, இன்னிக்கு அதைப் பேச வேணாமே.

— பேசாம? நாளைக்கு மான் சீசன் திறக்குது. நீ வந்து, 'டெல்மர் அண்ணே, கோர்ட்டு துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்துடுச்சு, வேட்டைக் கேம்ப்ல என்னை மறுபடி சேத்துக்குங்க'ன்னு நிக்கிற. செத்துப்போன ராய்ஸுக்கு அண்ணன்காரன் நான். நான் பேசாம யாரு பேசுவா? கிளென்னா, நீ சொல்லு. புருஷனைப் பறிகுடுத்தவ நீதான்.

— நான் என்ன சொல்ல, பெரியவரே. சுடுறதுன்னா சீக்கிரம் சுடச் சொல்லுங்க. வியாழக்கிழமைப் பண்டிகைக்குச் சமைச்சு மிஞ்சின வான்கோழியில சூப்பு வெச்சிட்டு வந்திருக்கேன். அடிபிடிச்சிடும்.

— அண்ணி, நேத்தே விறகைக் கொண்டாந்து உங்க கொட்டகையில அடுக்கிட்டேன். பாத்தீங்களா?

— பாத்தேன். பாதி ஈரம். வீடு முழுக்கப் புகை. அடுத்த சனிக்கிழமை காஞ்சதாப் பாத்துக் கொண்டா.

— சரிங்க அண்ணி.

— கேட்டுக்க கிளென்னா, 'சரிங்க அண்ணி'யாம். ஒம்பது குளிர்காலமா உனக்கு விறகு வெட்டிப் போடுறான், வாசல் பனியை வழிச்சு விடுறான், வருஷா வருஷம் பண்டிகை அன்னிக்கு வந்து தொப்பியைக் கழட்டிட்டுக் கண்ணு கலங்கி நிக்கிறான். பெண்டாட்டிகூட இவன் மூஞ்சியைச் சகிக்காம ஓடிப்போனா. இவ்வளவு பண்ணியும் ராய்ஸ் எந்திரிச்சு வந்தானாடா?

— வரலீங்கண்ணே.

— வரமாட்டான். சரி, காதைக் குடு. அதோ அம்பது கெஜத்துல மரப்பெட்டி. உள்ள ஊறப்போட்ட பேப்பர் கட்டு. பெட்டி முகப்புல ரெண்டு காகிதத் தட்டு குத்தியிருக்கேன். வான்கோழி படம் போட்டது எனக்கு, வெள்ளை உனக்கு. ஆளுக்கு அஞ்சு குண்டு. உன்னோடது அஞ்சும் வெள்ளைத் தட்டுக்குள்ள விழுந்தா, நாளைக்கு விடிகாலை கேம்ப்ல உனக்கும் ஒரு இடம். ஒண்ணு வெளிய போனாலும் உன் சட்டையில பின்னால ஒரு துண்டு கத்தரிச்சு, பேரும் வருஷமும் எழுதி, கேம்ப் சுவத்துல ஆணி அடிச்சிட்டு உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்.

— குறி தப்பினவன் சட்டையைக் கத்தரிக்கிறது நியாயம்தாண்ணே. அது எல்லாருக்கும் உள்ளதுதானே.

— எல்லாருக்கும்னு சொல்லாத. அந்தச் சுவத்துல உன் சட்டைத் துண்டு மட்டும் பதினொண்ணு தொங்குது. என்னோடது எத்தனை? சொல்லு.

— ஒண்ணும் இல்லீங்க.

— முப்பத்தோரு வருஷம். ஒண்ணுகூட இல்ல. இந்த மாவட்டத்துல எவனைக் கேட்டாலும் சொல்லுவான், டெல்மர் சுட்டா தப்பாதுன்னு. இந்தா, உன் அஞ்சு தோட்டா. வியாழக்கிழமை வார்த்தது. பழைய கார்ச் சக்கரத்துல எடைக்கு ஒட்டியிருந்த ஈயத்தைச் சேத்து உருக்கினேன். மூடிக்கு மெழுகு விட்டிருக்கேன், கீழ போட்டுடாத. உள்ள உக்காந்திருக்கிற குண்டு ஒவ்வொண்ணுலயும் அடியில உன் அடையாளம் இருக்கு. எதுன்னு ஞாபகம் இருக்கா?

— மறக்க முடியுமாண்ணே. ரெண்டு கோடு எனக்கு. ஒரு புள்ளி உங்களுக்கு. ராய்ஸுக்குப் பெருக்கல் குறி.

— எதுக்கு வெச்சோம் அந்தக் குறி?

— ரெண்டு பேரு ஒரே மானைச் சுட்டுட்டா யாருதுன்னு சண்டை வரக் கூடாதுன்னு. மூக்கு நசுங்கினாலும் அடிப்பக்கம் நசுங்காது. கறியில இருந்து எடுத்த குண்டு எதைச் சொல்லுதோ அதான் தீர்ப்பு.

— அதான் தீர்ப்பு. என் தம்பி நெஞ்சுல இருந்து டாக்டர் எடுத்துக் குடுத்ததுல எத்தனை கோடு?

— அண்ணே...

— கிளென்னா முன்னாடி சொல்லு. அவளும் கேக்கட்டும்.

— ரெண்டு.

— பத்தல. சத்தமா.

— ரெண்டு கோடு. என்னோடது. அன்னிக்குக் காலையில ஒரு கொம்பன் மானைப் பாத்து ஒரே ஒரு குண்டு போட்டேன். மான் ஓடிடுச்சு. குண்டு எங்க போச்சுன்னு அப்ப எனக்குத் தெரியல. போதுமாண்ணே?

— இப்போதைக்குப் போதும். தள்ளிக்க, மொதல்ல நான் சுடுறேன். நீ நின்னு பாத்துக் கத்துக்க.

— சுடுங்க. ஏண்ணே, தோட்டாவை வலது பையில இருந்தும் எடுக்கிறீங்க, இடது பையில இருந்தும் எடுக்கிறீங்க?

— பொழுதுபோகலயா உனக்கு? கை எதுல போகுதோ அதுல எடுக்கிறேன். காதைப் பொத்திக்க கிளென்னா... ம். ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு. அவ்வளவுதான் வேலை. நீ வா. மெதுவா மூச்சு விடு ராசா. பெட்டிக்குப் பின்னால யாராவது மனுஷன் நிக்கிறானான்னு பாத்துட்டுச் சுடு.

— அவனை விடுங்க பெரியவரே, சுடட்டும்.

— சுட்டுட்டேன் அண்ணி. முடிஞ்சுது.

— அதுக்குள்ளயா? வா, போய்ப் பாப்போம். என் கண்ணு முன்ன மாதிரி இல்ல, ஆனா இங்கிருந்தே எனக்குத் தெரியுது. வெள்ளைத் தட்டுக்குக் கீழ, பலகையில, ரெண்டு ஓட்டை. தட்டுக்கு வெளிய. தெரியுதாடா?

— தெரியுது. ஆனா நான் தட்டு நடுவுல பாத்துத்தானே...

— 'பாத்துத்தானே.' அன்னிக்கும் கொம்பனைப் பாத்துத்தான் சுட்டேன்னு சொன்ன. இந்தா கத்தி. உன் அவமானத்தை நீயே தோண்டி எடு. கிளென்னா, அந்தக் கிண்ணத்தை நீட்டு.

— பேப்பர் கூழாப் போயிருக்கு... இதோ ஒண்ணு. இது இன்னொண்ணு.

— துடைச்சுட்டு அடியைப் பாரு. படி.

— ரெண்டு கோடு. இதுவும்... ரெண்டு கோடு.

— திரும்பு.

— அண்ணே, கொஞ்சம் பொறுங்க.

— திரும்புடா. கத்தரிக்கோல் கொண்டாந்திருக்கேன். எனக்குத் தெரியும் உன் லட்சணம். குனி. நல்ல கம்பளிச் சட்டை, யாரு வாங்கிக் குடுத்தது?

— அம்மா. சாகறதுக்கு முன்னாடி.

— அப்ப பெரிய துண்டாவே எடுத்துக்குவோம். ம். பன்னெண்டாவது. கேம்ப்ல எல்லாருக்கும் காட்டுறேன். துப்பாக்கியை வண்டியில வெச்சிட்டு வீட்டைப் பாத்துப் போ.

— போறேன். மத்ததையும் எடுத்துட்டுப் போறேண்ணே. வெள்ளைத் தட்டுல எத்தனை விழுந்திருக்குன்னு மட்டும் பாத்துக்கிறேன். ஒம்பது வருஷத்துக்கு அப்புறம் சுடுறேன், அந்த ஆசைதான்.

— எடுத்துக்க. ரெண்டோ மூணோ.

— ஒண்ணு... ரெண்டு. இங்க ஒண்ணு. நாலு. அண்ணி, கிண்ணத்தை இப்படிக் காட்டுங்க.

— என்ன?

— இதோ அஞ்சாவது. எல்லாத்துலயும் ரெண்டு கோடு. வெள்ளைத் தட்டுக்குள்ள மட்டும் அஞ்சு.

— அதுக்கென்ன இப்போ?

— அண்ணே, நீங்க எனக்கு அஞ்சு தோட்டாதான் குடுத்தீங்க. அஞ்சும் என் தட்டுல இருக்கு. வெளிய போன ரெண்டு யாரு சுட்டது?

— எண்ணத் தெரியாம எண்ணுற.

— வான்கோழித் தட்டுல பாருங்க. உங்களோடது. மூணே ஓட்டை. தோண்டுறேன், பாருங்க. புள்ளி. புள்ளி. புள்ளி. மூணு. நீங்க சுட்டது அஞ்சு. மூணு வலது பையில இருந்து. ரெண்டு இடது பையில இருந்து.

— ஹாலிஸ், கத்தியைக் கீழ போடு.

— இடது பையில என் குண்டை வெச்சிருக்கீங்க. என் அடையாளம் போட்டதை. நான் எப்படியும் ரெண்டு மூணு வெளிய விடுவேன், எண்ணிப் பாக்க மாட்டேன்னு நினைச்சீங்க. அதானே?

— உன்னைக் கேம்ப்ல யாரும் விரும்பல. அதை நாசூக்காச் சொல்லிப் பாத்தேன். அவ்வளவுதான்.

— இன்னிக்கு மட்டுமா? அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் ஓடைப்பக்கம் ஒரு பெட்டை மான் குடல் சரிஞ்சு ரெண்டு நாள் துடிச்சுச் செத்துச்சே. நான் மலைமேல இருந்தேன், ஓடைப்பக்கமே வரலன்னு கெஞ்சினேன். உள்ள இருந்தது ரெண்டு கோடு. எல்லாரும் சிரிச்சீங்க. என் சட்டையைக் கத்தரிச்சீங்க. அந்தச் சுவத்துல தொங்குறதுல எத்தனைண்ணே என்னோடது?

— நாலோ அஞ்சோ இருக்கும். எனக்கென்ன தெரியும். புதருக்குள்ள ஏதாவது அசைஞ்சா, நிச்சயம் இல்லாத குறின்னா, இடது பைத் தோட்டாவைப் போடுவேன். சரியாப் பட்டா குண்டை நானே தோண்டி ஒளிச்சிட்டு, மானை ஒத்துக்குவேன். தப்பினா நீ ஒத்துக்குவ. உனக்குத்தான் ஏற்கெனவே ஏழு தொங்குதே, எட்டு ஆனா குறைஞ்சா போயிடுவ?

— சுவத்துல உங்க சட்டை தொங்கக் கூடாது. அதுக்காக.

— முப்பத்தோரு வருஷப் பேருடா அது. உனக்குப் பேருன்னா என்னன்னு தெரியாது.

— அன்னிக்கு. அந்தக் காலையில. ராய்ஸ் புதருக்குள்ளதான் இருந்தான்.

— போதும். நிறுத்து.

— புதரு அசைஞ்சுது. நிச்சயம் இல்லாத குறி.

— நிறுத்துன்னு சொன்னேன். ஆளுன்னு தெரியப் போடுற ஆரஞ்சுச் சட்டையைக் கழட்டி இடுப்புல கட்டியிருந்தான் அந்த முட்டாப் பய. வேர்த்துதாம். நான் என்ன கனவா கண்டேன், அங்க இருக்கறது அவன்னு? என் கையால வளர்ந்தவன். நீயும் அன்னிக்கு ஒரு குண்டு போட்ட, அதை மறந்துடாத. உன்னோடது இல்லன்னு உன்னால அடிச்சுச் சொல்ல முடியாது.

— முடியாது. அதனாலதான் ஒத்துக்கிட்டேன். அழுதுக்கிட்டே ஒத்துக்கிட்டேன். நீங்க என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. 'சொல்லிடு ஹாலிஸ், மனசு லேசாகும்'னு சொன்னீங்க.

— லேசாச்சா?

— அண்ணி, இவரை விடுங்க. நீங்க கேட்டீங்க. பாத்தீங்க. ரெண்டு கோடு போட்டது ஏழு, புள்ளி மூணு, உங்க கிண்ணத்துல இருக்கு. என்கூட ஷெரீப் ஆபீஸுக்கு வாங்க. நீங்க வந்து சொன்னா போதும், நான் வேற எதுவும் கேக்கல. கோர்ட்டு தீர்ப்பை மாத்தச் சொல்லல. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. ராய்ஸைக் கொன்னது நான் இல்லன்னு ஒருத்தர் வாயால கேட்டா போதும்.

— பெரியவரே, கொட்டகையில ஈயம் உருக்குற சட்டி இன்னும் சூடா இருக்கா?

— இருக்கும். காலையிலயும் வார்த்தேன், அடுப்பை அணைக்கல.

— நல்லது. கதவைத் திறங்க.

— அண்ணி, எங்க கொண்டு போறீங்க? அண்ணி, அதைப் போடாதீங்க. அதுல போட்டா...

— போட்டாச்சு. பத்தும் போட்டாச்சு. புள்ளியும் இல்ல, கோடும் இல்ல. தள்ளி நில்லு, தண்ணிச் சொட்டுக்கு ஈயம் தெறிக்கும்.

— ஏன்? நீங்க ஏன்? உங்க புருஷன் அவன்.

— என் புருஷன்தான். அந்தக் குண்டுக்கெல்லாம் அடியில யாரு அரத்தால கோடு போடுறதுன்னு நினைச்ச? பெரியவருக்குக் கிட்ட இருக்கிறது சரியாத் தெரியாமப் போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. வார்க்கிறது அவரு, குறி போடுறது நான். எங்க சமையல்கட்டு மேஜையில உக்காந்து ஆளாளுக்கு எண்ணிப் போடுறது நான். 'ஹாலிஸோடதுல ரெண்டு எனக்குக் கூடப் போடு, விளையாட்டுக்கு'ன்னு வருஷா வருஷம் கேப்பாரு. போட்டுக் குடுப்பேன்.

— அப்ப உங்களுக்கு...

— ஷெரீப் ராய்ஸ் நெஞ்சுல இருந்து எடுத்த குண்டைக் கவரைத் திறந்து காட்டிட்டுப் போன சாயங்காலமே எண்ணினேன். உனக்குக் குடுத்தது பத்து. உன் பெட்டியில ஒம்பது மிச்சம். ஒண்ணை நீ கொம்பனுக்குப் போட்ட. அதை ரெண்டு நாள் தேடினேன். ஒரு ஓக்கு மரத்துல இருந்துது, ராய்ஸ் விழுந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். நானே தோண்டி எடுத்தேன். பெரியவருக்குக் கூடப் போட்டுக் குடுத்த ரெண்டுல, அவர் இடது பையில மிச்சம் இருந்தது ஒண்ணுதான்.

— கிளென்னா, இதை நீ எனக்கே சொன்னதில்ல.

— உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும் பெரியவரே? வீடு உங்களோடது, நிலம் உங்களோடது. எனக்கு ரெண்டு புள்ளைங்க. உங்களை உள்ள தள்ளிட்டு நான் எந்தக் கூரைக்குக் கீழ போவேன்? அதான் வாயை மூடிக்கிட்டேன். நீங்களும் மூடிக்கிட்டீங்க. ஒருத்தரை ஒருத்தரு தொந்தரவு பண்ணல.

— நான்? நான் என்ன பாவம் பண்ணினேன் அண்ணி? ஒம்பது வருஷம் உங்க வாசல்ல தொப்பியைக் கையில வெச்சிட்டு நின்னேன். உங்க முகத்தை நிமிந்து பாக்கத் தைரியம் இல்லாம நின்னேன். ஒரே ஒரு தடவை, கதவை முழுசாத் திறக்கக்கூட வேணாம், காதோட காதா என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருந்தா விறகு யாரு வெட்டிப் போட்டிருப்பா?